வன்னிப் பாடசாலைக்கு எது முதலில்: தொலைநோக்கியா, ஹபிள்–வெப் தரவா?

விஞ்ஞானக் கழகத்துக்குப் பழைய மாணவர் சங்கத்திடமிருந்து ஒரு தொகை வந்து சேர்ந்தால், "நல்ல தொலைநோக்கி ஒன்று வாங்குவோம்" என்பதுதான் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு. அந்த ஆசை நியாயமானது. ஏ9 வீதியோரச் சந்தைகளின் வெளிச்சத்தை விட்டு நாலைந்து கிலோமீற்றர் உள்ளே போனால், கொழும்பில் இருப்பவர் ஆயுளில் காணாத வானம் வன்னியில் இருக்கிறது. ஆனால் கழகத்தின் நோக்கம் தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் படிப்பது என்றால், முதல் காசு தொலைநோக்கிக்குப் போகக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஹபிள், வெப், யூக்ளிட் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் மூலத் தரவு எவரும் இலவசமாக எடுக்கும்படி திறந்து கிடக்கிறது. அதைக் கையாள 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி ஒன்று போதும். கூடவே ஒரு 10x50 பைனாகுலர் (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீற்றர் வில்லை). தொலைநோக்கியை அடுத்த வருடம் பார்க்கலாம்.

இந்த முடிவு எல்லாப் பாடசாலைக்கும் பொருந்தாது. எங்கே மாறும் என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறோம்.

8 அங்குல டொப்சோனியன் என்ன காட்டும்

பாடசாலைக்கு வாங்குவதானால் 8 அங்குல டொப்சோனியன்தான் சரியான தெரிவு. 203 மில்லிமீற்றர் குழிவாடி, 1200 மில்லிமீற்றர் குவியத்தூரம், பலகையால் செய்த சுழல் தளம். மின்சாரம் தேவையில்லை. இருட்டுக்குப் பழகிய கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும் என்று வைத்தால், இந்த ஆடி கண்ணைவிட 800 மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் போட்டால் உருப்பெருக்கம் 48 மடங்கு. விண்மீன் மண்டலம் தேட அதுவே நல்ல அளவு. 200, 300 மடங்கு என்று ஏற்றினால் மங்கலான பொருள் இன்னும் மங்கிப்போகும். பெட்டியில் "600 மடங்கு" என்று அச்சடித்து விற்கும் சிறிய தொலைநோக்கிகளைத் தொடவே வேண்டாம்.

மார்ச் மாதம் இரவு 10 மணிக்குக் கிழக்கே ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் கன்னிக் கொத்து என்ற விண்மீன் மண்டலக் கூட்டம் நிற்கும். 5.4 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்87 உட்பட ஒரு டசின் மண்டலங்களாவது சிறு பஞ்சுத் துணுக்குகளாகத் தெரியும். அதற்குத் தெற்கே சொம்பிரேரோ மண்டலம். இன்னும் நேரம் போனால் எம்83, பிறகு சென்டாரஸ் ஏ. லண்டனில் சென்டாரஸ் ஏ அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. கிளிநொச்சியில் 37 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. வரைபடம் வாசிக்கத் தெரிந்த மாணவர் 3சி 273 என்ற குவாசரையும் (தொலைதூர மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான மையம்) பிடிக்கலாம். பிரகாச எண் 12.9 (எண் கூடக்கூட மங்கல்) என்பதால் 8 அங்குலத்துக்கு எட்டும். பார்க்க ஒரு சாதாரண ஒளிப்புள்ளிதான், ஆனால் அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 200 கோடி ஆண்டு. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் இதன் நிறமாலையில்தான் முதன்முதலாக ஒரு குவாசரின் செம்பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் சிவப்புப் பக்கம் நீள்வதை, அடையாளம் கண்டார்.

இந்தத் தொலைநோக்கியால் போகக்கூடிய எல்லை ஏறத்தாழ அதுதான். அதுவும் எல்லாம் சாம்பல் நிறத்தில். கண் ஒரு விநாடியின் சிறு பங்குக்குத்தான் ஒளியைச் சேர்த்து வைக்கும். அவ்வளவு குறைந்த ஒளியில் நிறம் உணரும் கலங்கள் வேலை செய்யமாட்டா. சுவரொட்டியில் பார்த்த சுருள் கைகளை எதிர்பார்த்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாங்குபவர்கள் கணக்கில் எடுக்காத சில சங்கடங்கள் உண்டு. வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், 12 பாகை வடக்கிலுள்ள கன்னிக் கொத்து நடு இரவில் கிட்டத்தட்ட உச்சிக்கு நேரே வருகிறது. டொப்சோனியனைத் திருப்ப மிகக் கஷ்டமான இடம் அந்த உச்சிதான்: குழாய் நிமிர்ந்து நிற்கும்போது பக்கவாட்டில் நகர்த்தப் பிடிமானமே இருக்காது. ஆகையால் கொத்து உச்சிக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே பார்த்து முடிக்க வேண்டும். அடுத்தது வரிசை. 48 மடங்கில் தெரியும் பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை. வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், நடுவில் வைத்த மண்டலம் இரண்டு நிமிடத்தில் ஓரத்துக்கு ஓடிவிடும். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றால், ஒவ்வொருவருக்கும் இடையில் ஒருவர் குழாயை நகர்த்திக் கொடுத்தபடியே இருக்க வேண்டும்.

பருவகாலமும் ஒத்துழைக்காது. 25 இலட்சம் ஒளியாண்டிலுள்ள அந்திரோமேடா மண்டலம் முன்னிரவில் உயரே நிற்பது நவம்பர், டிசெம்பரில். அது நமக்கு மாரி. ஓகஸ்ட், செப்ரெம்பரில் பார்க்கலாம் என்றால் நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும், சோளகக் காற்றோடு வரும் புழுதி வேறு. மழை ஓயும் ஜனவரிக் கடைசியில் இருட்டியதும் வடமேற்கில் அரைமணி, ஒருமணி நேரம் நன்றாகக் கிடைக்கும். ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான் உண்மையான அவதானிப்புக் காலம். அதிலும் நிலவுள்ள இரவுகளைக் கழித்துப் பார்த்தால் பாடசாலைக்கு ஒரு வருடத்தில் கிடைப்பவை சொற்பம்.

மிச்சமுள்ள மாதங்களில் கருவியைப் பாதுகாக்க வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரையை அண்டிய பாடசாலையில் உப்புக்காற்று ஆடியின் அலுமினியப் பூச்சை அரிக்கும். ஈரலிப்பால் பார்வைத்துண்டுகளில் பூஞ்சணம் பிடிக்கும். பார்வைத்துண்டுகளை இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடலாம். ஆடியில் தூசி படிந்தால் துணியால் துடைக்கவே கூடாது, கீறல் விழும். கருவியைத் தூக்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் ஆடிகளின் நேர்ப்பாட்டை (அவை ஒன்றுக்கொன்று நேராக நிற்பதை) சரிபார்க்க வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 20 கிலோ பாரம். இதை விரும்பிச் செய்யும் ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் இல்லாமல் சில வருடங்கள் இருப்பார் என்றால் மட்டும் தொலைநோக்கி முதலிடத்துக்கு வரலாம்.

இடம் பற்றியும் ஒரு சொல். பாடசாலை மைதானம் போதும், விளக்குகளை அணைத்தால் சரி. பழக்கமில்லாத பற்றைக்காணிக்குள் இரவில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. யானை நடமாட்டமும் பாம்பும் சொல்லத் தேவையில்லை.

இடையில் உள்ள தெரிவுகள்

10x50 பைனாகுலர் விலை குறைவு, பழுது குறைவு, ஒரே நேரத்தில் இரு கண்ணாலும் பார்க்கலாம். அந்திரோமேடா, ஒமேகா சென்டோரி என்ற விண்மீன் கொத்து, தெற்கு அடிவானத்தில் 11 பாகை உயரத்துக்கு மட்டும் எழும் பெரிய மகெல்லன் முகில் என்ற அயல் மண்டலம் எல்லாம் இதற்குள் அடங்கும். முகிலைப் பார்க்கத் தெற்கு வெளியாக இருக்க வேண்டும். பெப்ரவரி முன்னிரவில் ஒரு பெரிய குளக்கட்டில் நின்று நீர்ப்பரப்புக்கு மேலாகத் தெற்கே பார்த்தால் மரங்கள் மறைக்காது.

கைபேசியோடு இணையும் ஸீஸ்டார் எஸ்50 போன்ற தன்னியக்கத் தொலைநோக்கிகள் இப்போது பலரையும் இழுக்கின்றன. வெறும் 50 மில்லிமீற்றர் வில்லை. ஆனால் 10 விநாடிப் படங்களை அடுக்கிக்கொண்டே போவதால் அரைமணி நேரத்தில் எம்83இன் சுருள்கள் திரையில் தெரியும். வரிசைப் பிரச்சினை இல்லை, நிறமும் உண்டு. வன்னியில் அது தடுமாறுவதும் அதே உச்சியில்தான்: 80 பாகைக்கு மேல் போனதும் தொடர்வது தவறி விண்மீன்கள் கோடாக இழுபடும். பூமியின் அச்சுக்கு ஒத்தபடி சாய்த்து வைத்தால் சரியாகும் என்பார்கள். நமது அகலக்கோட்டில் அச்சை 9 பாகைக்குத் தாழ்த்த வேண்டும். பல முக்காலித் தலைகள் அவ்வளவு தாழாது, துருவ விண்மீனும் பனைவரிசைக்குப் பின்னால் மறைந்திருக்கும். வாங்குமுன் முக்காலி எத்தனை பாகை வரை தாழும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திடம் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி உண்டு. ஒரு சுற்றுலாவுக்கு நல்ல இடம். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்பு வெளிச்சத்துக்குள் நின்று விண்மீன் மண்டலம் பார்ப்பது தொடர்ச்சியான படிப்புக்கு உதவாது.

மூன்று விண்வெளித் தொலைநோக்கிகளில் எதன் தரவு

ஹபிளின் ஆடி 2.4 மீற்றர். நமது 8 அங்குலத்தைவிட 140 மடங்கு பரப்பு. பெரிய வித்தியாசம் அதிலும் அல்ல, நேரத்தில்தான். 2003 செப்ரெம்பர் முதல் 2004 ஜனவரி வரை ஒரே துண்டு வானத்தை ஏறத்தாழ பத்து இலட்சம் விநாடி பார்த்துக்கொண்டிருந்து எடுத்த படம் ஹபிள் மீயாழ் புலம். முழுநிலவின் அகலத்தில் பத்திலொரு பங்கான அந்தச் சதுரத்தில் ஏறத்தாழ 10,000 விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றன.

2021 டிசெம்பர் 25இல் ஏவப்பட்ட வெப்பின் ஆடி 6.5 மீற்றர், தங்கம் பூசிய 18 அறுகோணத் துண்டுகள். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றரில், ஐந்து அடுக்கு வெயில்மறைப்பின் நிழலில், மறை 220 பாகை செல்சியசுக்கும் கீழான குளிரில் செந்நிறக்கீழ்க் கதிர்களைப் பார்க்கிறது. யூக்ளிட் 2023 யூலை 1இல் போனது. ஆடி 1.2 மீற்றர்தான், ஆனால் ஒரே படத்தில் அரைச் சதுரப் பாகைக்கு மேல் அடக்கிவிடும். 2025 மார்ச்சில் வெளியான அதன் முதல் தொகுதியில் 63 சதுரப் பாகை, 2.6 கோடி மண்டலங்கள்.

தொடங்க வேண்டியது ஹபிளில். அதன் வடிகட்டிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அலைநீளங்களில் இருப்பதால் உயர்தரப் பௌதிகவியல் மாணவருக்கு ஒவ்வொன்றும் என்ன என்று உடனே பிடிபடும். வெப் கோப்புகள் ஒரு ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் குறுகிய அலைநீளப் படங்களின் படப்புள்ளி 0.031 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு), நீண்டவற்றில் 0.063, ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் அளவு பொருந்தாது. புதியவர்கள் இரண்டாம் நாளே கைவிடும் இடம் இது. யூக்ளிட் தரவு எண்ணிக்கை வேலைக்குச் சிறந்தது. ஒரு மண்டலத்தை நுணுக்கிப் பார்க்க ஹபிள் அளவுக்குக் கூர்மை இல்லை. அதைத் தரவிறக்கவும் வேண்டாம், ஈஎஸ்ஏ ஸ்கை என்ற இணையப் பக்கத்திலேயே வானத்தை நகர்த்திப் பார்க்கலாம்.

மீயாழ் புலம் உலை விண்மீன் குழுவில் இருக்கிறது. வெப்பின் ஜேட்ஸ் அளவாய்வும் அதே இடத்தைப் படம்பிடித்திருக்கிறது, யூக்ளிட்டின் ஆழ்புலம் ஒன்றும் அதைச் சுற்றியே. ஒரே துண்டு வானத்தை மூன்று கருவியிலும் ஒப்பிடலாம். ஜனவரி நடுவில் இரவு 8 மணிக்கு அந்த இடம் வன்னியில் நேர் தெற்கே 53 பாகை உயரத்தில் நிற்கும். விரலால் சுட்டிக் காட்டலாம். ஹபிளையே வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. அதன் பாதை 28.5 பாகை மட்டும் சாய்ந்தது என்பதால் நமது தலைக்கு மேலாகவே போகிறது. அந்தி மங்கியதும் அல்லது விடியுமுன் நகரும் விண்மீன்போலத் தெரியும்.

கோப்பைத் திறந்து முதல் வேலை

மாஸ்ட் என்ற தரவுக் காப்பகத்தில் மீயாழ் புலத்தின் ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான வடிவம்) கோப்புகள் நான்கு உண்டு. பெயரில் வரும் 435, 606, 775, 850 என்ற எண்கள் வடிகட்டியின் அலைநீளம், நனோமீற்றரில். ஒவ்வொன்றும் 10,500க்கு 10,500 படப்புள்ளிகள், 400 எம்பிக்கு மேல். இரவுநேர டேட்டாவில் ஒரு தடவை இறக்கி 16 ஜிபி பென் டிரைவில் போட்டால் அயல் பாடசாலைகளுக்கும் கொடுக்கலாம். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலோ படிக்கும் பழைய மாணவர் ஒருவர் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

டிஎஸ்9 இந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்கும் இலவச மென்பொருள். 606, 775, 850 மூன்றையும் மூன்று சட்டங்களில் திறவுங்கள். 'ஃபிரேம்' பட்டியலில் 'மேச்', அதற்குள் 'ஃபிரேம்', பிறகு 'டபிள்யூசிஎஸ்' என்று தெரிவு செய்தால் மூன்றும் ஒரே வான ஆள்கூற்றுக்கு வரும். 'லொக்' செய்தால் ஒன்றை நகர்த்த மற்றவையும் நகரும். 'ஸ்கேல்' பட்டியலில் 'இசட்ஸ்கேல்'. நிறத்தைத் தலைகீழாக்கி வெள்ளையில் கறுப்பாக வையுங்கள், மங்கலான மண்டலங்கள் அப்போதுதான் கண்ணுக்குப் படும். இனி 'பிளிங்க்' போட்டால் மூன்று படமும் மாறி மாறி வரும்.

தேட வேண்டியது 850இல் தெளிவாக இருந்து, 775இல் மங்கி அல்லது மறைந்து, 606இல் அறவே இல்லாத சிறு புள்ளியை. இதற்குப் பின்னாலுள்ள பௌதிகவியல் இதுதான். தொலைதூர மண்டலத்துக்கும் நமக்கும் இடையிலுள்ள ஐதரசன், 121.6 நனோமீற்றருக்குக் கீழான அதன் ஒளியை விழுங்கிவிடுகிறது. பிரபஞ்சம் விரிவதால் அந்த எல்லை செம்பெயர்ச்சியோடு நீண்டு வரும்: 121.6ஐ, செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். செம்பெயர்ச்சி 4 என்றால் 608, 435இல் காணாமல்போகும். 5 என்றால் 730, 606இலும் இல்லை. 6 என்றால் 851. 775இலும் கிட்டத்தட்ட இல்லை, 850இல் மட்டும் மிச்சம். அந்தக் கடைசிப் புள்ளியின் ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்துக்கு வயது 100 கோடி ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு வகுப்பறையில், மழை பெய்யும் கார்த்திகை நாளில், பதினேழு வயது மாணவி இதைத் தன் கையால் கண்டுபிடிக்கலாம். எந்த விலைக்கு வாங்கிய தொலைநோக்கியாலும் பாடசாலை மைதானத்தில் இது முடியாது.

கணக்கை இன்னும் நீட்டினால் வெப் ஏன் தேவைப்பட்டது என்பதும் விளங்கும். செம்பெயர்ச்சி 14இல் எல்லை 1824 நனோமீற்றர். ஹபிளின் கருவி ஏறத்தாழ 1700உடன் நின்றுவிடும். அதனால்தான் ஜேட்ஸ் அளவாய்வில் 2024இல் அறிவிக்கப்பட்ட, பெருவெடிப்புக்குச் சுமார் 30 கோடி ஆண்டு பிந்திய மண்டலம் வெப்பின் கண்ணுக்கு மட்டும் அகப்பட்டது.

தவறுகள் எங்கே வரும் என்றால், முதலாவது, பால்வீதிக்குள் இருக்கும் குளிர்ந்த சிவப்புக் குறு விண்மீன்களும் இப்படியே 775இல் மங்கும். அவை கூரிய புள்ளியாக இருக்கும். மண்டலம் சற்றுப் பரவி இருக்கும். முதிய செந்நிற நீள்வட்ட மண்டலங்கள் 606இல் மங்குமே தவிர முற்றாக மறையா. படத்தின் ஓரங்களில் ஒளிபெற்ற நேரம் குறைவு, இரைச்சல் அதிகம். அங்கே கிடைக்கும் எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கண்டதை வெளியான பட்டியல்களோடு ஆள்கூறு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நிறப்படம் செய்ய விரும்புபவர்கள் 435ஐ நீலம், 606ஐப் பச்சை, 850ஐச் சிவப்பு என வைத்து சிரில் மென்பொருளில் சேர்க்கலாம். கருமைப் புள்ளியை அதிகம் ஏற்றிவிட்டால் மங்கலான மண்டலங்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும்; பின்புலம் கொஞ்சம் சாம்பலாகவே இருக்கட்டும். மற்ற ஹபிள் படங்களுக்குப் போகும்போது 'டிஆர்இசட்' அல்லது 'டிஆர்சி' என முடியும் கோப்புகளை மட்டும் எடுங்கள். 'எஃப்எல்டி' கோப்புகளில் அண்டக் கதிர்க் கீறல்கள் அப்படியே இருக்கும், அவற்றை விண்மீன் என்று எண்ணிவிடுவார்கள். 1993 டிசெம்பருக்கு முந்திய படங்கள் ஆடியின் விளிம்பில் 2.2 மைக்ரோமீற்றர் பிழையோடு எடுத்தவை, தவிர்க்கவும். வெப் படத்தில் பிரகாசமான விண்மீனின் நடுவில் கருந்துளைபோல ஓட்டை தெரிந்தால் பதற வேண்டாம். உணரி நிரம்பி வழிந்த இடத்தில் தரவில்லை என்று குறித்திருக்கிறார்கள், அவ்வளவே. விண்மீனைச் சுற்றி நான்கு கதிர்க்கோடு என்றால் ஹபிள், ஆறு பெரியதும் இரண்டு சிறியதும் என்றால் வெப்.

கணினி ஒன்றுதான், மாணவர் அதிகம் என்றால் கலக்ஸி சூ என்ற இணையத் திட்டம் இருக்கிறது. 2007இல் தொடங்கியது, கைபேசியிலேயே படம் பார்த்து மண்டலத்தின் வடிவத்தைக் குறிக்கலாம், குறிப்பது ஆய்வாளர்களுக்கு உண்மையாகவே பயன்படும். அதில் படம் பார்த்த நெதர்லாந்து ஆசிரியை ஹானி வான் ஆர்கெல் கண்ட பச்சை வாயுமுகில் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கேள்விகள் ஆங்கிலத்தில் வரும்; முதல் நாள் ஆசிரியர் கூட இருந்து வடிவங்களைத் தமிழில் விளக்கிவிட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்வார்கள்.

காசை எப்படிப் பிரிப்பது

கையிலுள்ள தொகை ஒரு டொப்சோனியனின் விலையளவு என்றால், பெரும்பங்கை மடிக்கணினிக்கு வையுங்கள். 8 ஜிபி நினைவகம் கட்டாயம்; மூன்று மீயாழ்புலக் கோப்புகளே 1.3 ஜிபி பிடிக்கும், 4 ஜிபி இயந்திரம் நகராது. எஸ்எஸ்டி உள்ளதாக, மின்கலம் இரண்டு மணி நேரமாவது தாங்குவதாகப் பாருங்கள், மின்வெட்டில் பாதி வேலை போகாது. அடுத்தது 1 டெராபைட் வெளிவட்டு. மிச்சத்தில் பைனாகுலர்: கடையில் வெயிலில் நிற்கும் ஒரு கம்பத்தைப் பார்த்து இரட்டை உருவம் விழுகிறதா என்று சோதித்து, முக்காலியில் பூட்டத் திருகுத்துளை உள்ளதாக வாங்குங்கள். பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே நல்ல இயந்திரங்கள் இருந்தால் முதல் செலவு வெளிவட்டும் டேட்டாவும் மட்டும்தான்; அப்போது அந்த வருடமே தொலைநோக்கிக்குப் போகலாம்.

வாங்கும் மாதமும் முக்கியம். டொப்சோனியன் டிசெம்பர்க் கடைசியில் கைக்கு வருவதுபோல் ஒழுங்கு செய்தால், நேர்ப்பாடு பழகி முடியும்போது மழை ஓய்ந்திருக்கும், கன்னிக் கொத்துக்கு இரண்டு மாதம் இருக்கும். மே மாதம் வாங்கினால் சோளகப் புழுதியையும் மாரியையும் கடந்து எட்டு மாதம் பெட்டிக்குள்தான் கிடக்கும்.